மாற்று உறுப்பு உள்ளவருக்குப் பித்தக்கல்: முன்கூட்டியே எடுப்பதா, காத்திருப்பதா?

கல்லால் வலி வந்துவிட்டால் விவாதத்துக்கு இடமில்லை, லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்துவிட வேண்டியதுதான். ஸ்கேனில் தற்செயலாகத் தென்பட்டு, எந்தத் தொந்தரவும் தராத கல்லில்தான் குழப்பம். கல்லீரல் மாற்றியவருக்கு அதுவும் இல்லை. பித்தப்பை அந்த அறுவையிலேயே போய்விடும்.

சிறுநீரகம் மாற்றியவர் காத்திருக்கலாம். திட்டமிட்டுச் செய்தால் அவருக்குப் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே நல்லபடியாக முடிகிறது. புதுச் சிறுநீரகம் அடிவயிற்றில், குடல் உறைக்கு வெளியே இருக்கிறது. கருவி நுழையும் துளைகள் தொப்புளிலும் மேல்வயிற்றிலும், அதனால் அதில் இடிக்காது. வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் வாயுவின் அழுத்தம் கூடினால் சிறுநீரக ரத்த ஓட்டம் குறையும் என்பதால், 15க்குப் பதில் 10-12 மி.மீ. பாதரசத்தில் வைப்பது நல்லது.

இதயம் மாற்றியவருக்கு முன்கூட்டியே எடுப்பதுதான் சரி என்பேன். அவசர அறுவையில் உயிரிழப்பு அவர்களிடம்தான் அதிகம். ஆனால் மாற்று அறுவைக்கு முன்பு வேண்டாம், பழுதான இதயம் மயக்க மருந்தைத் தாங்காது. புது இதயம் நிலைப்பட்ட பிறகு செய்யலாம். நரம்புத் தொடர்பு அறுந்த இதயம் என்பதால் துடிப்பு குறைந்தால், வழக்கமாக அதை ஏற்றக் கொடுக்கும் அட்ரோபின் பலிக்காது. இதயத்தையே நேராகத் தூண்டும் ஐசோப்ரினலின் தயாராக இருக்க வேண்டும்.

காத்திருப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பித்தப்பை அழுகினாலும் ஸ்டெராய்டு காய்ச்சலையும் வலியையும் அமுக்கிவிடும். உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கச் சாப்பிடும் மைக்கோஃபெனலேட் வெள்ளணுக்களை ஏறவிடாது. மேல்வயிற்றில் லேசான கனம், இரண்டு முறை வாந்தி, அவ்வளவுதான் தெரியும். அன்றைக்கே அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். வாந்தியில் நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸும் போய், ரத்தத்தில் அதன் அளவு இறங்கி, உறுப்பு நிராகரிப்பு தொடங்கலாம்.

அவசர அறுவையில் இழப்பது அவகாசத்தை. நிராகரிப்பைத் தடுக்க சிரோலிமஸ், எவரோலிமஸ் சாப்பிடுபவருக்குப் புண் சரியாக ஆறாது. சில வாரம் முன்பே டாக்ரோலிமஸுக்கு மாற்ற வேண்டும். திட்டமிட்டால்தான் அது நடக்கும்.

அறுவையைத் தாங்காத நிலையில் ஈரல் வழியாகக் குழாய் விட்டுப் பித்தநீரை வடிப்பது மூன்றாவது வழி. உயிர் பிழைக்க வைக்கும், ஆனால் கல் உள்ளேயேதான் இருக்கும். குழாய் 4-6 வாரம் இருக்கும், நழுவவும் நழுவும். இது இடைக்கால ஏற்பாடு மட்டும்தான்.

எந்த வழியானாலும் அறுவை அன்று காலை டாக்ரோலிமஸை நிறுத்தக் கூடாது, ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கலாம்; மருந்தளவு பார்க்க ரத்தமெடுப்பது அதற்கு முன். வலிக்கு பாராசிட்டமால் கொடுக்கலாம், சிறுநீரகத்தைப் பாதிக்கும் வலிமருந்தான டைக்ளோஃபெனாக் கூடாது. வீட்டுக்கு அனுப்பும்போது எழுதும் சீட்டில் வழக்கம்போல டைக்ளோஃபெனாக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும், கண்ணில் பட்டதும் அடித்துவிடுங்கள்.