ரிசப்ஷன் கோட் தைக்கக் கொடுக்கிறீர்களா? கை நீளத்தில் கவனம்

கோட்டையும் சட்டையையும் ஒரே கடையில் தைக்கக் கொடுத்தால் இரண்டும் பொருந்தி வரும் என்று நம்பிவிடாதீர்கள். கோவையில் ஒரு கடை என் தம்பியிடம் துணிக்கும் கூலிக்குமாக 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, அப்பா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரி அவனை ரிசப்ஷன் மேடையில் நிற்க வைத்தது.

சட்டைக்கு ஒரு மாஸ்டர், கோட்டுக்கு இன்னொரு மாஸ்டர். கோட் மாஸ்டர் டி-ஷர்ட்டின் மேலேயே டேப்பை வைத்து அளந்தார். "சட்டை தைச்சு வந்ததும் அதைப் போட்டுட்டு அளக்கலாமே அண்ணா" என்று தம்பி கேட்டான். "முப்பது வருஷமா தைக்கிறோம், தம்பி" என்று பதில் வந்தது.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. சட்டைக் கை மணிக்கட்டு எலும்பைத் தாண்டி, கட்டைவிரல் தொடங்கும் இடத்தில் நிற்க வேண்டும். கோட்டுக் கை அதற்குச் சற்று மேலேயே முடிய வேண்டும். அப்போதுதான் சட்டையின் கஃப் கால் முதல் அரை அங்குலம் வெளியே தெரியும். சட்டை இல்லாமல் கோட்டுக் கையை எதை வைத்து முடிவு செய்வது? போதாததற்குக் கோட்டின் சோல்டரையும் அகலமாக வெட்டியிருந்தார்கள். சோல்டர் எவ்வளவு இறங்குகிறதோ, கையும் அவ்வளவு இறங்கும்.

இதெல்லாம்கூடச் சரிசெய்யக்கூடிய தவறுதான். ஆனால் ட்ரையலுக்கு முன்பே கோட்டுக் கையின் பட்டன்களுக்கு நிஜமாகவே காஜா, அதாவது பட்டன் நுழையும் துளை, வெட்டி முடித்துவிட்டார்கள். வெறும் பட்டன் மட்டும் தைத்திருந்தால் கீழே மடித்துச் சுருக்கிவிடலாம். காஜா விழுந்த பிறகு கீழே சுருக்கினால் பட்டன் ஓரத்தில் வந்து உட்காரும். தோள்பட்டையில் கையைப் பிரித்து மேலே ஏற்ற வேண்டும். அது பெரிய வேலை. அதற்குத் தனிக் கூலி கேட்டார்கள்! மறுத்ததும், "இப்ப இதுதான் சார் ஃபேஷன்" என்று ஆரம்பித்தார் முதலாளி.

அப்புறம் சட்டை. கஞ்சி போகட்டும் என்று அம்மா ஒரு தடவை அலசிக் காயப்போட்டார். கை சுருங்கி மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது. காட்டன் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். 3 சதவீதம் சுருங்கினால்கூட 25 அங்குலக் கையில் முக்கால் அங்குலம் போய்விடும். கேட்டால், "யாரு சார் துவைக்கச் சொன்னது?" என்கிறார்கள். சட்டையைத் துவைக்காமல் என்ன செய்வது, பீரோவில் வைத்துப் பூஜை செய்வதா?

ஆக, கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: முதலில் சட்டை, துவைத்த பிறகு அதைப் போட்டுக்கொண்டு கோட் ட்ரையல், அது முடியும்வரை காஜா கூடாது. இரண்டு கைகளையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள், பலருக்கு ஒரே நீளம் இருக்காது. வாட்ச் கட்டும் கைக்கு கஃப் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். கோட்டுக் கை மடிப்புக்குள் ஓர் அங்குலத் துணியாவது விடச் சொல்லுங்கள். அளவுகளை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எங்கள் பில்லில் தொகை மட்டும்தான் இருந்தது, அளவு நோட்டைக் காட்டவும் மறுத்துவிட்டார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறோம். கடைக்காரர் இன்னும் வாய் திறக்கவில்லை.