டெஸ்ஃபெரால் பம்ப்: மில்லி தெரியாத மெஷின்

டெஸ்ஃபெரால் பம்ப், அதாவது உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றும் மருந்தைத் தோலுக்கடியில் இறக்கும் மெஷின், சர்வீஸ் முடிந்து வந்த அன்றே நண்பர் ஒருவர் கேட்டார்: தலசீமியா மேஜர் (அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய பரம்பரை ரத்தநோய்) உள்ள பையனுக்கு ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ரத்த டெஸ்ட் அளவு) 2500-ஐத் தாண்டிவிட்டது, மாத்திரையோடு பம்பும் போடச் சொல்கிறார்கள், வாங்கலாமா?

பம்பின் வேலையில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு யூனிட் ரத்தத்தோடும் 200 முதல் 250 மி.கி. இரும்பு உள்ளே போகிறது, அதை வெளியேற்ற உடம்புக்குத் தனி வழி கிடையாது. டெஸ்ஃபெரால் ரத்தத்தில் கொஞ்ச நேரம்தான் தங்கும். அதனால்தான் 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் 5 ராத்திரிக்குக் குறையாமல் தோலுக்கடியில் மெதுவாக இறக்க வேண்டியிருக்கிறது.

எரிச்சல் எங்கே என்றால், நம் கையில் இருக்கும் இந்த வகைப் பம்புக்கு மில்லி தெரியாது. சிரிஞ்சின் தண்டை மணிக்கு இத்தனை மி.மீ. என்று தள்ளும், அவ்வளவுதான். 20 மில்லி சிரிஞ்ச் எல்லாம் ஒன்றல்ல. கம்பெனிக்குக் கம்பெனி குழாயின் அகலம் மாறும். மருந்துக்கடையில் இந்த மாதம் வேறு கம்பெனி கொடுத்தால், போன மாத செட்டிங்கில் மருந்து முன்னதாகத் தீரும், இல்லையென்றால் ஸ்கூல் நேரம் வரை ஓடும். இதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. சொல்லியே ஆக வேண்டிய விஷயம். இன்னொன்று, சில பழைய மாடல்களில் வேகம் மணிக்கு மி.மீ., சிலவற்றில் 24 மணி நேரத்துக்கு மி.மீ. மாற்றி வைத்தால் 24 மடங்கு தப்பு. லேபிளைப் படிக்காமல் பட்டனைத் தொடாதீர்கள்.

40 கிலோ பையனுக்கு டாக்டர் 1500 மி.கி. எழுதினால் 500 மி.கி. குப்பி மூன்று. ஒவ்வொன்றிலும் 5 மில்லி ஸ்டெரைல் வாட்டர். கரைக்க சலைன் வேண்டாம். தண்ணீரைக் குறைத்தால் ஊசி போட்ட இடம் சிவந்து கட்டி கட்டியாகும். கலங்கலாக இருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். பட்டர்ஃப்ளை ஊசியின் டியூபை மருந்தால் நிரப்பிய பிறகே சிரிஞ்சில் மிச்சமுள்ள மருந்தின் நீளத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும், டியூபே கொஞ்சம் குடித்துவிடும். 50 மி.மீ. இருந்து 10 மணி நேரம் ஓட வேண்டுமென்றால் 5-ல் வையுங்கள். சிரிஞ்சின் காது (விரல் பிடிக்கும் விளிம்பு) பம்பின் பள்ளத்தில் சரியாக உட்காராவிட்டால் மோட்டார் ஓடும், மருந்து நகராது. தண்டு இருக்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

ஊசி குத்தும் இடத்தைத் தினமும் மாற்றுங்கள். சிறுநீர் செம்மண் நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம், இரும்புதான் வெளியேறுகிறது. காய்ச்சலோடு வயிற்றுவலியோ பேதியோ வந்தால் மட்டும் உடனே பம்பை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யெர்சினியா கிருமி இந்த மருந்தைப் பயன்படுத்தி வளரக்கூடியது. காதும் கண்ணும் வருஷம் ஒருமுறை டெஸ்ட்.

இவ்வளவு நல்ல பம்ப்தான், ஆனாலும் இரும்பை வெளியேற்றும் டெஃபெராசிராக்ஸ் மாத்திரை ஒன்றே ஃபெரிட்டினை இறக்குகிறது என்றால் எந்தப் பிள்ளைக்கும் இதை வாங்கச் சொல்ல எனக்கு மனசு வராது. ராத்திரிக்கு ராத்திரி ஊசி என்பது சின்ன விஷயமில்லை. நண்பர் முதலில் பையனுக்கு இதய எம்.ஆர்.ஐ. டி2 ஸ்டார் எடுக்கட்டும், இதயத்தில் இரும்பு எவ்வளவு என்று காட்டும் ஸ்கேன் அது, எண் குறையக் குறைய இரும்பு அதிகம். 10 மில்லி செகண்டுக்குக் கீழே வந்தால் யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே வாங்கட்டும்.