குடிப்படையா, நிலைப்படையா, உரிமக் கப்பலா? அமெரிக்கா செய்துபார்த்த மூன்று வழிகள்

அரசின் அதிகாரத்துக்கு வரம்பு வேண்டும் என்று வாதிடுபவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் நாட்டுப் பாதுகாப்பு. எதிரி வந்தால் யார் சண்டை போடுவது, அதற்கு யார் பணம் கொடுப்பது? விடுதலை பெற்ற புதிதில் அமெரிக்கா இதற்கு மூன்று விடைகளை ஒரே தலைமுறைக்குள் செய்துபார்த்தது.

தொடங்கிய இடம் இது: 1784 ஜூனில் அமெரிக்காவின் நாடாளுமன்றமான காங்கிரஸ் தன் ராணுவத்தை 80 பேராகக் குறைத்தது. பிட் கோட்டையில் 25 பேர், வெஸ்ட் பாயின்டில் 55 பேர், தளவாடங்களுக்குக் காவல். மேற்கு எல்லைக்காக நான்கு மாநிலங்களிடம் 700 குடிப்படையினரை, அதாவது தேவைப்படும்போது மட்டும் ஆயுதம் ஏந்தும் குடிமக்களை, கேட்டது. கேட்கத்தான் முடியும், வரி போடும் அதிகாரம் காங்கிரஸுக்கு அன்று கிடையாது.

முதல் வழி, குடிப்படை. 1792 மே மாதச் சட்டப்படி 18 வயதிலிருந்து 45க்குள் இருக்கும் உடல்தகுதியுள்ள வெள்ளை ஆண்கள் அனைவரும் இதில் சேர வேண்டும். ஆறு மாதத்துக்குள் ஒவ்வொருவரும் தன் செலவில் வாங்க வேண்டியவை: ஒரு மஸ்கெட் துப்பாக்கி, பயோனெட், இடைவார், கூடுதலாக இரண்டு சிக்கிமுக்கிக் கற்கள், முதுகுப்பை, குறைந்தது 24 தோட்டா கொள்ளும் பை. ரைபிள் வைத்திருப்பவர் என்றால் 20 குண்டும் கால் பவுண்டு வெடிமருந்தும். காகிதத்தில் இதைவிட மலிவான ராணுவம் இருக்க முடியாது.

ஓட்டை எங்கே என்றால், வாங்காதவனுக்கு அந்தச் சட்டம் தண்டனை எதுவும் வைக்கவில்லை. அதை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. இதன் விளைவு எப்படியிருக்கும் என்பது 1790இலேயே தெரிந்திருந்தது. பூர்வகுடிகளோடு போரிட ஓஹாயோ பகுதிக்குத் தளபதி ஹார்மர் கூட்டிப்போன படையில் சம்பளத்துக்கு முழுநேரமாக இருக்கும் நிலைப்படையினர் 320 பேர், குடிப்படையினர் 1,133 பேர். அந்தக் குடிப்படையில் பலர் வேறொருவருக்குப் பதிலாகக் கூலிக்கு வந்த கிழவர்களும் சிறுவர்களும். பல துப்பாக்கிகளில் சுடும் விசையே இல்லை. மறுவருடம் நவம்பர் 4 அன்று, ஆறு மாத ஒப்பந்த ஆட்களை நம்பிப் போன அடுத்த தளபதி செயின்ட் கிளேரின் படை வாபாஷ் ஆற்றங்கரையில் 600க்கும் மேற்பட்டோரை இழந்தது. ஒப்பந்தக்காலம் முடிந்துகொண்டிருந்த ஆட்களை வைத்துக்கொண்டு பயிற்சியும் தர முடியாது, காத்திருக்கவும் முடியாது.

குடிப்படையின் பலத்தையும் சொல்லியாக வேண்டும். அரசியலமைப்பு அதை மூன்று காரியங்களுக்கு மட்டுமே அழைக்க அனுமதித்தது: சட்டத்தை நிறைவேற்ற, கலகத்தை அடக்க, படையெடுப்பைத் தடுக்க. பிரிட்டனோடு போர் மூண்ட 1812இல், அக்டோபர் 13 அன்று கனடாவின் குவீன்ஸ்டன் மேட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, நயாகரா ஆற்றைத் தாண்டி கனடாவுக்குள் போக நியூயார்க் குடிப்படை மறுத்தது. அக்கரையில் இருந்தவர்கள் பிடிபட்டார்கள். தளபதிக்கு அது பேரிடி. ஆனால் அந்நிய மண்ணுக்குப் போகாதே என்ற வரம்பு செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்தது. சொந்த ஊரில், மண் அரணுக்குப் பின்னால் நின்றபோது இதே வகை ஆட்கள் 1815 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் உறுதியாக நின்றார்கள். திறந்த வெளியில், 1814 ஆகஸ்ட் 24 அன்று பிளேடன்ஸ்பர்கில் சிதறி ஓடினார்கள்; அன்றிரவே தலைநகர் வாஷிங்டன் எரிந்தது. அரண், குறுகிய காலம், சொந்த ஊர் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் குடிப்படையை நம்பலாம்.

அடுத்து நிலைப்படை. செயின்ட் கிளேரின் தோல்விக்குப் பின் தளபதி வேய்ன் தன் நிலைப்படையைப் பிட்ஸ்பர்க் அருகே நிறுத்தி, அவசரப்படாமல் பயிற்சி கொடுத்தார். 1794 ஆகஸ்ட் 20 அன்று ஃபாலன் டிம்பர்ஸில் சண்டை சீக்கிரமே வெற்றியில் முடிந்தது. இதைத் 'தற்காப்பு' என்று அமெரிக்க அரசு சொன்னது. தம் நிலத்தை இழந்த மியாமி, ஷானி பூர்வகுடி மக்கள் அப்படிச் சொல்லவில்லை. திறமையான படை கையில் இருந்தால் அதை எல்லை விரிக்கவும் பயன்படுத்துவார்கள் என்ற பழைய அச்சம் பொய்யில்லை.

அந்த அச்சத்துக்கு 1787இல் எழுதிய அரசியலமைப்பு போட்ட கடிவாளம், தரைப்படைக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் நிதி ஒதுக்கக்கூடாது என்ற விதி. கீழவைத் தேர்தலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை. ஆக, படையைத் தொடர்ந்து வைத்திருக்க ஒவ்வொரு புதிய அவையும் கைதூக்க வேண்டும். கடற்படைக்கு இந்த வரம்பு இல்லை. கப்பல் கட்டப் பல ஆண்டுகளாகும் என்பதோடு, ஊருக்குள் வந்து மக்களை மிரட்டவும் அதனால் முடியாது. 1798இல் பிரான்ஸோடு பகை முற்றியபோது படை பெருத்தது. முன்னாள் கருவூலச் செயலர் ஹாமில்டன் அதன் இரண்டாம் தளபதி. அரசை விமர்சிப்பவர்களைச் சிறையில் தள்ளும் சட்டமும் அதே கோடையில் வந்தது. உண்மையிலேயே ஆபத்தான கட்டம். ஆனால் 1800இல் காங்கிரஸ் அந்தக் கூடுதல் படையைக் கலைத்தது. ஒருவரும் அரசின் மேல் துப்பாக்கியைத் திருப்பவில்லை.

மூன்றாவது, தனியார். அரசிடம் உரிமப் பத்திரம் வாங்கிய கப்பல்காரர் போர்க்காலத்தில் எதிரியின் சரக்குக் கப்பலைப் பிடித்து விற்றுக்கொள்ள முடிந்தது. 1812 சட்டம் 5,000 டாலர் பிணைத்தொகை கேட்டது. மாலுமிகள் 150க்கு மேல் என்றால் 10,000. பிடித்த கப்பல் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே சொந்தம். சுமார் 500 கப்பல்கள் உரிமம் பெற்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் கப்பல்களைப் பிடித்தன. அரசுக்குச் செலவில்லை. ஆனால் லாபத்துக்காக ஓடும் கப்பல் போர்க்கப்பலைக் கண்டால் விலகிப் போகும். அதோடு மோதினால் சேதம்தான் மிச்சம். ஆகவே பிரிட்டிஷ் கடற்படை போட்ட முற்றுகையை இவற்றால் உடைக்க முடியவில்லை. நிலத்தில் தனியார் பணம் வேறு சிக்கலைக் கொண்டுவந்தது: 1787இல் மாசசூசெட்ஸில் நடந்த ஷேஸ் கலகத்தை அடக்க பாஸ்டன் வணிகர்கள் சந்தா போட்டுப் படை திரட்டினார்கள். எதிரே நின்றவர்கள் கடனில் மூழ்கிய விவசாயிகள். பணம் போட்டவர்களின் எதிரியே படையின் எதிரி.

மூன்றில் ஒன்றைத் தேர்வுசெய் என்றால், இரண்டாண்டுக் கடிவாளம் போட்ட சிறிய நிலைப்படையைத்தான் சொல்வோம். அரண்காக்கக் குடிப்படை, கடலில் துணைக்கு உரிமக் கப்பல்கள். ஆனால் எந்தப் படைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது வருவாய். 1802இல் உள்நாட்டு வரிகளை நீக்கிவிட்டு அரசு பெரும்பாலும் சுங்கத்தையே நம்பியது. முற்றுகை துறைமுகங்களை மூடியதும் சுங்கமும் வற்றியது. 1813இல் உள்நாட்டு வரிகளை மறுபடி விதித்தும் போதவில்லை. 1814 நவம்பரில் கருவூலம் கடனுக்கான வட்டியைக் கட்ட முடியாமல் கைவிரித்தது.