டேட்டாலாகர் மெமரி கார்டிலிருந்து கணினிக்கு: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

அளவீடுகளைத் தானாகவே தொடர்ந்து பதிவு செய்யும் கருவியான டேட்டாலாகரில் சேர்ந்த தரவைக் கேபிள் வழியாகவும் மெமரி கார்டு வழியாகவும் பல ஆண்டுகள் இறக்கிப் பார்த்த பிறகு, கார்டைக் கழற்றிக் கார்டு ரீடரில் படிப்பதையே நிலையான முறையாகக் கொண்டிருக்கிறேன். முக்கியக் காரணம் வேகம். 9600 பாட் (தரவு செல்லும் வேகத்தின் அலகு) வேகமுள்ள சீரியல் கேபிள் இணைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 960 பைட்டுகளே வரும் என்பதால், ஒரு மெகாபைட் கோப்புக்கே 18 நிமிடங்கள் ஆகும். 115200 பாட்டுக்கு உயர்த்தினால் அது ஒன்றரை நிமிடமாகக் குறையும். ஆனாலும் சில நூறு மெகாபைட் சேர்ந்துவிட்ட கருவியின் முன்னால் மடிக்கணினியோடு மணிக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

கார்டு முறையில் மிகுந்த கவனம் தேவைப்படுவது அதை வெளியே எடுக்கும் தருணத்தில்தான். பல கருவிகள் அளவீடுகளை முதலில் தம் உள்நினைவகத்தில் திரட்டி, பிறகே மொத்தமாகக் கார்டில் எழுதுகின்றன. மேலும், கார்டுகளில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் ஃபேட் (FAT) கோப்பு முறைமையில் கோப்பின் அளவு பெரும்பாலும் கோப்பு மூடப்படும்போதுதான் பட்டியலில் பதிவாகும். அதற்குள் கார்டை உருவிவிட்டால், தரவு கார்டில் இருந்தும் கோப்பின் அளவு பூஜ்யம் என்றே கணினி காட்டும். ஆகவே பதிவை நிறுத்தும் பொத்தான் இருந்தால் அதை அழுத்தி, விளக்கு நிலை மாறும் வரை பொறுத்திருக்க வேண்டும். கேம்ப்பெல் சயன்டிஃபிக்கின் சிஎஃப்எம்100 கார்டு தொகுதியில் பொத்தானை அழுத்தியதும் விளக்கு பச்சையாக மாறி, கார்டை எடுக்கலாம் என்று தெரிவிக்கும். எல்லாக் கருவிகளிலும் இருக்க வேண்டிய வசதி இது.

ரீடரில் செருகும் முன் எஸ்டி கார்டின் பக்கவாட்டில் உள்ள சிறு பூட்டைக் கீழே தள்ளிவிடுகிறேன். மைக்ரோஎஸ்டி கார்டில் பூட்டு இல்லை. அதன் அடாப்டரில் இருக்கும். இந்தப் பூட்டைப் பெரும்பாலான ரீடர்கள் மதிக்கும் என்பதால், கணினி தன் மறைகோப்புறைகளைக் கார்டில் உருவாக்காது. கார்டில் பிழை இருப்பதாகச் சொல்லிச் சரிசெய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால், உடனே சம்மதிக்கக் கூடாது. பழுது நீக்கும் செயல்முறை சிதறிய பகுதிகளை வேறு பெயர்களில் ஒதுக்கிவிடலாம். எது எந்த நாளின் தரவு என்று பிறகு பிரித்தறிவது பெரும்பாடு. முதலில் முழுக் கார்டையும் அப்படியே ஒரு பிம்பக் கோப்பாக எடுத்துக்கொண்டு, பழுது நீக்கும் முயற்சிகளை அந்தப் பிம்பத்தின் பிரதியில் செய்வதே பாதுகாப்பு. கார்டைக் கருவிக்குத் திருப்பும்போது பூட்டைத் திறந்துவிட மறக்கக் கூடாது.

நகலெடுத்ததும் கார்டிலுள்ள கோப்புக்கும் கணினியிலுள்ள நகலுக்கும் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீடு) கணக்கிட்டு ஒப்பிடுகிறேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் நகல் சரி. ஆனால் பதிவே முழுமையாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதற்கு வரிகளை எண்ண வேண்டும். நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் நாளொன்றுக்கு 1440 வரிகள் இருக்க வேண்டும். குறைந்தால், எந்த நேரத்தில் இடைவெளி விழுந்தது என்று பார்த்து மின்கலத்தையோ சென்சாரையோ சோதிக்கலாம்.

மூலக் கோப்பை எக்ஸெலில் திறந்து சேமிப்பதை நான் அறவே தவிர்க்கிறேன். சிஎஸ்வி கோப்பின் (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் உரைக் கோப்பு) நேர நெடுவரிசையை எக்ஸெல் வழக்கமாக நிமிடம் வரைதான் காட்டும். அந்நிலையில் சேமித்தால் நொடிகள் கோப்பிலிருந்தே போய்விடும். பத்து நொடிக்கு ஒருமுறை எடுத்த ஆறு அளவீடுகளும் ஒரே நேரத்தைச் சுமந்து நிற்கும். அதோடு, ஒரு தாளில் 10,48,576 வரிகளே அடங்கும். நொடிக்கு ஒரு பதிவு என்றால் பன்னிரண்டு நாள்களில் அது நிரம்பிவிடும். மூலக் கோப்பைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் கோப்பாக வைத்து, பகுப்பாய்வுக்குத் தனி நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய கருவிகளில் இன்னொரு வரம்பும் உண்டு. ஃபேட்டின் பழைய வகையான ஃபேட்16 முறையில் வடிவமைக்கப்பட்ட (ஃபார்மேட் செய்யப்பட்ட) கார்டின் மூலக் கோப்புறை, அதாவது எல்லாவற்றுக்கும் மேலுள்ள முதல் கோப்புறை, பொதுவாக 512 உள்ளீடுகளையே ஏற்கும். நாளுக்கொரு கோப்பை அங்கேயே எழுதும் கருவி, கார்டில் இடம் எவ்வளவு மிஞ்சியிருந்தாலும், ஒன்றரை ஆண்டுக்குள் புதிய கோப்பைத் தொடங்க முடியாமல் நின்றுவிடும். எனவே நகல் இரண்டு இடங்களில் உறுதியான பிறகு, கணினியில் அல்லாமல் கருவியிலேயே கார்டை வடிவமைக்கிறேன். கருவிக்கு இரண்டு கார்டுகள் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால், சரிபார்ப்பு முடியும் வரை பழைய கார்டை அழிக்க வேண்டிய அவசரமும் எழுவதில்லை.