இரட்டை இமை: நூலா, கத்தியா?

கண்ணாடியில் உங்கள் மேல் இமையைப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அங்கே ஒரு மடிப்பு இருக்கும். கொரிய, சீன, ஜப்பானியப் பெண்களில் பலருக்குப் பிறவியிலேயே அது இல்லை. இமையைத் தூக்கும் தசையின் இழைகள் அவர்களுக்குத் தோலோடு ஒட்டுவதில்லை. கொழுப்பும் கீழே இறங்கி நிற்கும். மடிப்பை உண்டாக்குவதுதான் இரட்டை இமை சிகிச்சை.

வெள்ளைக்காரர் கண்ணுக்கு ஆசைப்படுகிறார்கள் என்று சிலர் பழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மடிப்புள்ள கண் கிழக்காசியாவிலேயே ஏராளமானோருக்கு இயல்பாக உண்டு. ஜப்பானிய மருத்துவர் மிகாமோ 1896-லேயே இந்தச் சிகிச்சையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

தென்கொரியத் தலைநகர் சியோலில், அழகுச் சிகிச்சை நிலையங்கள் நிறைந்த கங்னம் பக்கம் போகிறவர்கள் முன் இருப்பவை முக்கியமாக இரண்டு வழிகள். நூல் முறையில் இமையில் பொடித் துளைகள் போட்டு, மெல்லிய நூலை உள்ளே புதைத்து முடிச்சிடுவார்கள். வீக்கம் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் அடங்கும், தழும்பு தெரியாது. பிடிக்காவிட்டால் ஆரம்பத்திலேயே நூலை எடுத்துவிடலாம். ஆனால் நாளடைவில் நூல் தளர்ந்து மடிப்பு மறையக்கூடும், அதுவும் தடித்த இமையில்.

கீறல் முறை நிலைத்து நிற்கும். தோலைக் கீறி, தேவைக்கேற்பத் தோலும் கொழுப்பும் நீக்கி, உள்ளே பிணைத்துத் தைப்பார்கள். ஒரு வாரத்துக்குள் தையல் பிரிப்பார்கள். ஆனாலும் மடிப்பு முதலில் உயரமாக, தடிப்பாகத்தான் தெரியும். இயல்பான வடிவம் வர மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். பலரும் மனம் உடைவது இந்த இடைவெளியில்தான். தோலை அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் கண் முழுதாக மூடாது. அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

இரண்டுக்கும் நடுவே சிறு கீறல் முறையும் உண்டு. தினமும் பசை, டேப் ஒட்டிச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள், தோல் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு.

சரி, எது நல்லது? மெல்லிய இமையுள்ள இளம்பெண்ணுக்கு நூல் முறையே போதும் என்பேன். கொழுப்பு மிகுந்த இமைக்கும், வயதாகித் தோல் தொங்கும் இமைக்கும் கீறல்தான். விலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கண் எப்போதும் பாதி மூடியே இருந்தால் தூக்கும் தசையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அது தளர்ந்திருந்தால் வெறும் மடிப்பு உதவாது.

மருத்துவர் ஆலோசனையின்போதே வளைந்த கம்பியால் இமையை அழுத்தி மடிப்பைக் காட்டுவார். கண்ணாடியைக் கையில் வாங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தாழ்வாகவும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.