கொக்குவில் நிறை குறைக்கிற வகுப்பு, 8 கிழமை போய் வந்த அனுபவம்

யாழ்ப்பாணம் கொக்குவிலில ஒரு வீட்டு மேல்மாடியில சனிக்கிழமை பின்னேரங்களில நடக்கிற வகுப்பைப் பற்றிக் கன பேர் இன்பொக்ஸில கேக்கிறியள், நான் 8 கிழமையும் போய் முடிச்சிட்டன், அதால வடிவா எழுதுறன். காசு மொத்தம் 6000 ரூபா. நடத்துறவ உளவளத்துணை படிச்ச ஒரு மிஸ். சாப்பாட்டு அட்டவணை ஒண்டும் தரமாட்டன் எண்டு முதல் நாளே சொல்லிப்போட்டா, ரெண்டு பேர் அடுத்த கிழமை வரவே இல்லை.

இதுக்கு முதல் நான் ரவுணில ஒரு இடத்தில பவுடர் வாங்கி விடியவும் இரவும் கரைச்சுக் குடிச்சு 3 மாசத்தில 9 கிலோ குறைஞ்சனான், அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்கு முதலே 11 கிலோ ஏறிட்டுது. திரும்பப் போய்க் கேக்க "உங்களுக்கு மனக்கட்டுப்பாடு காணாது அன்ரி" எண்டு சொல்லி விட்டவை. அந்தச் சொல்லை ரெண்டு வருஷம் நம்பிக்கொண்டு திரிஞ்சன். கலியாணவீட்டில படம் எடுக்கேக்க ஆரின்ட பிள்ளையையாவது தூக்கி முன்னால வைச்சுக்கொண்டுதான் நிப்பன்.

ரெண்டாம் கிழமை மிஸ் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னவ. 1944-45 இல அமெரிக்காவில மினசோட்டா பல்கலைக்கழகத்தில அன்சல் கீஸ் எண்டவர், யுத்தத்துக்குப் போக மறுத்து இதுக்குத் தாங்களா முன்வந்த 36 இளந்தாரியளை ஆறு மாசம் அரைப்பட்டினியில வைச்சுப் பாத்தவர், நாளுக்கு 1570 கலோரி அளவில. நல்ல சுகதேகியான பெடியள். போகப்போக அவைக்குச் சாப்பாட்டைத் தவிர வேற நினைப்பே இல்லை, சமையல் புத்தகம் சேர்த்து வைச்சு வாசிச்சிருக்கினம், கோப்பையை நக்கியிருக்கினம், எரிச்சல், சோர்வு, ஒருத்தரோடையும் கதைக்க மனமில்லை. "இவைக்கும் மனக்கட்டுப்பாடு காணாதோ?" எண்டு கேட்டுட்டு மிஸ் பேசாமல் நிண்டவ. பவுடர்க் காலத்தில இரவிரவா யூடியூப்பில கொத்துரொட்டி போடுற வீடியோ பாத்துக்கொண்டு படுத்தது எனக்கு அப்பதான் ஞாபகம் வந்தது. பவுடர் ஆக்கள் எனக்கு எழுதித் தந்த கணக்கு 1200 கலோரி. பக்கத்தில இருந்த அக்கா அழுதிட்டா.

பிறகு இந்தப் "போனது போச்சு" கதை. ஒரு றோல்ஸ் சாப்பிட்டாச்சு, இண்டைக்கு எல்லாம் பழுதாப் போச்சு, இனித் திங்கக்கிழமை தொடங்குவம் எண்டு மிச்ச நாலையும் சாப்பிடுறது. 1975 இல வந்த ஒரு பரிசோதனையில மில்க் ஷேக் குடிக்கக் குடுத்துட்டு ஐஸ்கிரீம் ருசி பாக்க விட்டிருக்கினம், டயட்டைப் பற்றி யோசிக்காத ஆக்கள் குறையச் சாப்பிட்டவை, எந்த நேரமும் டயட் நினைப்போட இருந்த ஆக்கள்தான் கூடச் சாப்பிட்டவை.

நான் மிஸ்ஸிட்ட ஒண்டு கேட்டன், கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமா இருக்கிறன் ஒரு கரைச்சலும் இல்லை, டயட் எண்டால் மூண்டாம் நாளே விசர் பிடிக்குதே ஏன் எண்டு. விரதத்துக்குப் பாறணை எண்டைக்கு எண்டு தெரியும், வீட்டில எல்லாரும் சேர்ந்து இருக்கினம், ஒருத்தரும் உங்களைத் தராசில ஏத்திப் பாக்கிறேல்ல, தவறிட்டால் முருகனிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத் தொடருவியள் எண்டவ. இந்த ஒரு பதிலுக்கே குடுத்த காசு சரி.

கொப்பி ஒண்டு தருவினம். சாப்பிட முதல் பசி பத்துக்கு எத்தினை, அப்ப என்ன நடந்தது எண்டு எழுத வேணும். என்ட கொப்பியில ஒரு கிழமையில நாலு தரம் ஒரே விஷயம்: இரவு ஒன்பதரை, கனடாவில இருக்கிற மகனோட கதைச்சு முடிச்சு, போனை வைச்ச கையோட குசினிக்குள்ள போய், லைற்றும் போடாமல், நிண்டபடியே மிஞ்சின புட்டைக் கத்தரிக்காய்க் குழம்போட அள்ளிச் சாப்பிட்டது. பசி 2. மிஸ் அதை வாசிச்சிட்டு "மகன் போய் எத்தினை வருஷம் அன்ரி?" எண்டு மட்டும் கேட்டவ. இப்ப போனை வைச்ச உடன முத்தத்துக்கு வந்து, பக்கத்து வீட்டு மாமியோட வேலியடியில நிண்டு கொஞ்சம் கதைக்கிறன், எல்லா நாளும் ஏலாது.

குறையும் இருக்கு. தராசை வாசலில வைச்சிருக்கினம், இவ்வளவும் படிப்பிச்சுப்போட்டு எல்லாருக்கும் முன்னால நிறை பாக்கிறது பிழை, சொல்லிப் பாத்தும் மாத்தேல்ல. தந்த பேப்பரில ஓட்ஸும் அப்பிளும்தான் படமா இருக்கு, இடியப்பம் சொதி எங்கை? வெக்கை சரியான வெக்கை, ஃபேன் ரெண்டும் காணாது.

8 கிழமையில 2 கிலோ குறைஞ்சிருக்கு. மாசத்துக்கு 10 கிலோ கேக்கிறவைக்கு இது சரிவராது. சீனி வருத்தக்காரர் டொக்டரிட்டக் கேட்டுட்டு வரச் சொல்லுறவ, அது நல்லது. அடுத்த வகுப்பு பொங்கலுக்குப் பிறகாம். படி செங்குத்து, முழங்கால் நோ உள்ள ஆக்கள் கீழ் அறையில வைக்கச் சொல்லிக் கேளுங்கோ, நாங்கள் நாலு பேர் ஏற்கனவே கேட்டிருக்கிறம்.