இன்னோவா கிரிஸ்டா டீசல்: ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு

மூன்று வரிசை வண்டி வாங்க நினைப்பவர்களில் பலர் முதலில் கேட்பது மைலேஜ். அடுத்துக் கேட்பது விலை. மூன்றாம் வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள், மாதத்தில் எத்தனை முறை உட்காரப் போகிறார்கள் என்ற கேள்வியை வண்டி வீட்டுக்கு வந்த பிறகே கேட்டுக்கொள்கிறார்கள். நாமக்கல்லில் எங்கள் வீட்டில் ஓடுவது 2017ஆம் ஆண்டின் டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா, 2.4 லிட்டர் டீசல், ஐந்து கியர் மேனுவல், ஜி.எக்ஸ். வகை, எட்டு இருக்கை. ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வாரநாளில் நானோ தம்பியோ தனியாக எடுத்துப் போவோம். விசேஷம், குலதெய்வக் கோயில், மருத்துவமனை, சென்னைப் பயணம் என்றால் அம்மா, பெரியப்பா, அத்தை, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து வண்டி நிறைந்துவிடும். இந்த இரண்டு பயன்பாட்டிலும் வண்டி ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

இந்த வண்டியின் குணத்தைப் புரிந்துகொள்ள அதன் பூர்வீகம் தெரிந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் குவாலிஸ், 2005இல் முதல் இன்னோவா, 2016இல் கிரிஸ்டா என்று கர்நாடகத்தின் பிடதி ஆலையிலிருந்து அடுத்தடுத்து வந்த வரிசை இது. முதல் இன்னோவா முதல் கிரிஸ்டா வரை அடித்தளம், ஹைலக்ஸ் பிக்கப்பையும் ஃபார்ச்சூனரையும் தாங்கும் குடும்பத்தைச் சேர்ந்தது: கீழே லாரியைப் போலத் தனிச் சேஸிஸ், அதன்மேல் உடல், முன்னால் நெடுக்குவாட்டில் இன்ஜின், பின் சக்கரங்களுக்கு விசை. எங்கள் வண்டியின் 2393 சி.சி. இன்ஜின் 150 பி.எஸ். (குதிரைத்திறன்) திறனும் 343 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையும் (டார்க்) தருகிறது. அந்தத் திருப்புவிசை நிமிடத்துக்கு 1400 சுற்றிலேயே கிடைத்துவிடுவதுதான் நமக்கு முக்கியம். இதன் நிறைகள், குறைகள் இரண்டுமே இந்த அமைப்பிலிருந்து வருபவை.

முதலில் மூன்றாம் வரிசையைப் பார்ப்போம். காகிதத்தில் அங்கே மூவர் உட்காரலாம்; ஏழு இருக்கை வகை என்பதும் இரண்டு, இரண்டு, மூன்று என்ற கணக்கில்தான் வருகிறது. நடைமுறையில் இரண்டு பெரியவர்களும் நடுவில் ஒரு சிறுபிள்ளையும் என்றால் சென்னை வரை முணுமுணுப்பின்றிப் போகலாம். மூன்று பெரியவர்கள் என்றால் பக்கத்து ஊர்த் திருமணத்துக்குச் சரி. முழங்காலுக்கு இடம் போதும். ஆனால் தரை சற்று உயர்ந்திருப்பதால் தொடை இருக்கையில் முழுதாகப் படியாமல், நெட்டையானவர்கள் குந்தியதைப் போலவே உட்கார வேண்டியிருக்கும். கூரையிலிருந்து வரும் ஏசி காற்று கடைசி வரிசை வரை போய்ச் சேர்வது இந்த வண்டியின் பெரிய பலம். சித்திரை வெயிலில் பின்னால் இருக்கும் பிள்ளை வாந்தி எடுக்காமல் வருவதற்கு இருக்கையின் மென்மையைவிட அதுவே காரணம் என்பது என் கருத்து.

நடு வரிசையில் மூவருக்கான பெஞ்ச் சீட்டா, இருவருக்கான தனித்தனிக் கேப்டன் சீட்டா என்பதை முடிவு செய்யும்போது வீட்டிலுள்ள முதியவர்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேப்டன் சீட் பார்வைக்கு அழகு. நடுவிலுள்ள இடைவெளி வழியாகப் பிள்ளைகள் பின்னால் ஓடிவிடுவார்கள். பெஞ்ச் சீட்டில் பின்னால் போக இருக்கையை மடித்துத் தூக்க வேண்டும்; அது ஒரு இழுப்பில் மடிந்துவிடும் என்றாலும், தரையின் உயரத்தால் முழங்கால் வலி உள்ளவர் அந்த வழியே ஏறுவது சிரமம். எங்கள் வீட்டில் முதியவர்கள் எப்போதும் நடு வரிசையில்தான்; ஆகவே அங்கே மூன்று இடம் வேண்டியிருந்தது, பெஞ்ச் எடுத்தோம். கேப்டன் சீட் எடுத்திருந்தால் அத்தை கடைசி வரிசைக்குப் போயிருப்பார், அல்லது வீட்டிலேயே இருந்திருப்பார்.

மூன்று வரிசையும் நிமிர்ந்து நிற்கும்போது டிக்கியில் மூன்று, நான்கு பைகளுக்குத்தான் இடம். கடைசி இருக்கைகள் தரைக்குள் மடியாமல் பக்கவாட்டில் தூக்கிக் கட்டப்படுவதால், பக்கக் கண்ணாடியும் மறைந்துபோகிறது. குடும்பத்தோடு ஒரு வாரம் வெளியூர் போகிறவர்கள் மேலே கேரியர் போட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஆள் நிறைந்த வண்டியை மலையேற்றுவதில்தான் இதன் உண்மையான தரம் தெரியும். எங்களுக்கு அருகிலிருக்கும் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். எட்டுப் பேருடன் அங்கே ஏறும்போது பின்பக்கம் எடை கூடக்கூடப் பின் சக்கரங்களுக்குப் பிடிமானமும் கூடுகிறது; இரண்டாவது கியரிலேயே பெரும்பாலான வளைவுகளைத் திருப்பிவிடலாம், மிகக் கூர்மையானவற்றுக்கு மட்டும் முதல் கியர் வேண்டும். ஏசியை அணைக்க நேர்ந்ததே இல்லை. இறங்கும்போது கியரில் வைத்து இறங்கினால் பிரேக் சூடாவதில்லை. ‘பவர்’, ‘ஈகோ’ என்று இரண்டு பொத்தான்கள் இருந்தாலும் மலைக்குப் ‘பவர்’ கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். ‘ஈகோ’வில் மட்டும் ஏறாதீர்கள், ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வண்டி சோம்பலாகவே பதில் சொல்லும்.

அதே வண்டி தனி ஆளுடன் ஓடும்போது வேறு. எட்டுப் பேரைத் தாங்குவதற்காக இறுக்கமாக வைக்கப்பட்ட பின் ஸ்பிரிங்குகள், காலியாகப் போகும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் குதிக்கின்றன. தனிச் சேஸிஸ் கொண்ட எந்த வண்டிக்கும் உள்ள இயல்பு இது. சில நூறு ரூபாய் செலவில் சரிசெய்துவிடக்கூடிய கோளாறு அல்ல. கிளட்ச் கனமானது. காலையில் கிளப்பும்போது டீசல் சத்தம் தெருவுக்கே கேட்கும். திருச்செங்கோடு கடைவீதியில் இந்த நீளத்தை வைத்துக்கொண்டு திரும்ப நேர்ந்தால், 4735 மில்லிமீட்டர் என்றால் என்னவென்று நன்றாகப் புரியும். வாரத்தில் ஆறு நாள் நகருக்குள் ஒருவரே ஓட்டப்போகிறார் என்றால் இந்த வண்டி வேண்டாம்.

நம்பகத்தன்மை பற்றிச் சொல்லும்போது ‘பழுதே வராது’ என்று பேசுவதை நான் ஏற்பதில்லை. தேய்கிற பாகம் தேயும். பிரேக் பேடுகள், டயர்கள், பேட்டரி, ஒரு கிளட்ச் செட், முன் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் ஆகியவற்றை மாற்றியிருக்கிறோம். இந்தக் கிலோமீட்டருக்கு இவை எந்த வண்டியிலும் எதிர்பார்க்க வேண்டியவை. இன்ஜினையோ கியர்பாக்ஸையோ திறக்க வேண்டிய தேவை இதுவரை வரவில்லை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் தவறாமல் மாற்றுகிறோம். டீசல் ஃபில்டரில் மட்டும் கஞ்சத்தனம் காட்டுவதில்லை, ஏனெனில் அழுத்தம் மிகுந்த இன்ஜெக்டர்களைக் காப்பது அதுதான். இன்னொன்று: லாரித் தொழிலில் ஊறிய ஊர் நாமக்கல். இங்கே இன்னோவாவின் அடிப்பாகத்தைக் கையால் தடவிப் பார்த்தே எந்தப் புஷ் போயிருக்கிறது என்று சொல்லிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. வாடகை வண்டியாக ஆயிரக்கணக்கில் ஓடுவதால் பாகங்கள் கடைக்குக் கடை கிடைக்கின்றன. ஜப்பானிய வடிவமைப்பின் புகழில் இந்த மஞ்சள் போர்டு வண்டிகளின் பங்கு எவ்வளவு என்று யாராவது கணக்கிட்டால் நன்றாயிருக்கும்.

செலவுக்கு வருவோம். சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 15.1 கிலோமீட்டர், எங்களுக்கு நெடுஞ்சாலையும் ஊரும் கலந்து பன்னிரண்டு, பன்னிரண்டரை கிடைக்கிறது. டீசல் 92 ரூபாயை ஒட்டி இருக்கையில், கிலோமீட்டருக்கு எரிபொருளுக்கு மட்டும் ஏழரை ரூபாய் ஆகிறது. 2022 இறுதியில் அறிமுகமான இன்னோவா ஹைக்ராஸ் ஹைப்ரிட், பெட்ரோல் இன்ஜினுடன் மின்மோட்டாரும் சேர்ந்து ஓடுவது, காகிதத்தில் 23.24 கிலோமீட்டர். அதை வைத்திருக்கும் என் மைத்துனருக்குப் பதினாறு கிலோமீட்டருக்குக் குறையாமல் கிடைக்கிறது. பெட்ரோல் 100 ரூபாயைச் சற்றுத் தாண்டியிருந்தாலும் அவருக்குக் கிலோமீட்டருக்கு ஆறேகால் ரூபாய்தான். டீசல் என்றால் சிக்கனம் என்ற நம் தலைமுறையின் கணக்கு இங்கே செல்லாது. அதே சமயம், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓட்டினாலும் மிச்சமாவது ஏறக்குறைய இரண்டு லட்சத்துக்குள்தான். ஹைப்ரிட் வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை அதைவிட அதிகம். 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம் என்றாகிவிட்டதால், விலை கூடும்போது வரியும் சேர்ந்தே கூடும். எனவே மைலேஜுக்காக ஹைக்ராஸ் வாங்குகிறேன் என்பவரிடம் நான் உடன்பட மாட்டேன். அதன் சொகுசுக்காக வாங்குகிறேன் என்றால் உடன்படுவேன்.

அந்தச் சொகுசு உண்மையானது. ஹைக்ராஸில் தனிச் சேஸிஸ் கிடையாது. கார்களைப் போல உடலே கூடாகக் கட்டப்பட்டது. விசை முன் சக்கரங்களுக்குப் போகிறது. தரை தாழ்வாக இருப்பதால் முதியவர்கள் ஏறுவது எளிது, மூன்றாம் வரிசையில் கால் நீட்ட இடமும் கூடுதல், காலியாக ஓடும்போது குதிப்பதில்லை, நகர நெரிசலில் பாதி நேரம் மின்மோட்டாரே இழுத்துச் செல்வதால் சத்தமுமில்லை. ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள். பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரமும் பெற்றிருக்கிறது. ஹைப்ரிட் இல்லாத பெட்ரோல் ஹைக்ராஸை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். இவ்வளவு பெரிய உடலை அந்த இன்ஜின் தனியாக இழுக்கும்போது எரிபொருள் செலவு கிரிஸ்டாவையும் மிஞ்சிவிடும். ஆறு, ஏழு பேர் கொண்ட, பெரும்பாலும் நல்ல சாலையில் ஓடும் குடும்பம் இன்று புதிதாக வாங்குவதானால் ஹைக்ராஸ் ஹைப்ரிட்தான் சரி. அடிக்கடி முழுச் சுமையுடன் மலையேறுபவர்களும், மண்பாதைத் தோட்டத்துக்குப் போய்வருபவர்களும் கிரிஸ்டாவில் நிற்கலாம்.

மாருதி சுசூகி எர்டிகாவைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். நால்வர் குடும்பம், எப்போதாவது தாத்தா பாட்டி என்றால் அது போதும். பாதி விலை, நகரில் ஓட்டுவது சுகம், சி.என்.ஜி. வகையும் உண்டு. ஆனால் 103 பி.எஸ். பெட்ரோல் இன்ஜினில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஏசியுடன் மலையேறினால் இன்ஜினின் மூச்சு வாங்கல் உள்ளே கேட்கும். 2019இல் மூன்று நட்சத்திரம் பெற்ற இந்த வண்டி, கடுமையான புதிய விதிகளின்படி 2024இல் அதன் ஆப்பிரிக்கச் சந்தை வகையைக் குளோபல் என்கேப் அமைப்பு மோதிச் சோதித்தபோது பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரே ஒரு நட்சத்திரம்தான் பெற்றது. கடைசி வரிசையில் பிள்ளைகளை உட்கார வைப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். டொயோட்டா ரூமியன் என்ற பெயரில் வருவதும் இதே வண்டிதான். ஹைக்ராஸே மாருதியில் இன்விக்டோ என்று விற்கப்படுகிறது. பெயர்ப்பலகைக்காக யோசிக்காமல், எந்த ஷோரூம் சீக்கிரம் தருகிறது, சர்வீஸ் உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

பழைய இன்னோவா தேடுபவர்களுக்கு இரண்டு செய்திகள். கிரிஸ்டாவுக்கு முந்தைய 2.5 லிட்டர் டீசலில், இன்ஜின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட் உண்டு. அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பில் இல்லையென்றால், மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கிரிஸ்டாவில் அது செயின் என்பதால் அந்தக் கவலை இல்லை. கிரிஸ்டாவிலும் 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசு விதி) டீசலில் புகைத்துகளை எரிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கும், நகருக்குள் இரண்டு இரண்டு கிலோமீட்டராகவே ஓடிய வண்டியில் அது அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம், நெடுஞ்சாலையில் ஓடிய வண்டியே நல்லது. மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளைக்கு மாற்றப்பட்டதா என்பதை ஆர்.சி. விவரத்தில் பாருங்கள். ஓடோமீட்டரைவிடக் கிளட்ச் பெடல் ரப்பரின் தேய்மானமும் ஓட்டுநர் இருக்கையின் ஓரமும் அதிகம் சொல்லும். வண்டியைப் பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள அனைவரையும் அழைத்துப் போய், மூன்று வரிசையும் நிறைந்த நிலையில் ஒரு மேம்பாலத்திலாவது ஏற்றிப் பாருங்கள். தனியாக ஓட்டிப் பார்ப்பவருக்கு இந்த வண்டி காட்டுவது பாதிதான்.